இங்கிலாந்து கோர்ட்டிலிருந்து கூரியரில் சம்மன்: கிழித்துப் போடலாமா?

திருப்பூரில் சிறிய பின்னலாடை நிறுவனம் நடத்தும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர்களையும் பையர் (சரக்கு வாங்குபவர்) விவரத்தையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர், அவருடைய கணவர், கணவரின் தம்பி மூவரும் பங்குதாரர்கள். இங்கிலாந்தில் உள்ள ஒரு மொத்த வியாபாரிக்குக் குழந்தைகள் டி-ஷர்ட் 18,000 பீஸ் தைத்து தூத்துக்குடி வழியாக அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பும் முன் பையர் தரப்பு ஆளே வந்து இன்ஸ்பெக்‌ஷன் பார்த்துப் பாஸ் செய்திருக்கிறார். சரக்கு இறங்கிய பிறகு ஷேடு மாறுகிறது, இரண்டு துவையலில் சுருங்குகிறது என்று புகார். கடைசி பில் 21,000 பவுண்டை நிறுத்திவைத்த பையர், இப்போது நஷ்ட ஈடாக 84,000 பவுண்டு கேட்டு அங்கேயே வழக்குப் போட்டுவிட்டார். கோர்ட் காகிதங்கள் கூரியரில் வந்திருக்கின்றன. "வெளிநாட்டு கோர்ட் நம்மை என்ன செய்யும், கிழித்துப் போடுங்க அண்ணி" என்கிறாராம் கொழுந்தனார். தெரிந்த ஒருவர், கோர்ட்டுக்கு ஒரு மெயில் போட்டு நம் பக்க நியாயத்தைச் சொன்னால் போதும் என்கிறார். உள்ளூர் வக்கீல் உடனே திருப்பூரில் ஒரு வழக்குப் போடலாம் என்கிறார். தன் பெயரில் உள்ள வீட்டை மகளுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிட்டால் பத்திரமாக இருக்குமா என்பது வாசகியின் கடைசிக் கேள்வி.

வணக்கம் சகோதரி. கூரியர் வந்து மூன்று வாரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கவரைக் கிழிக்காதீர்கள், கோர்ட்டுக்கு மெயிலும் அனுப்பாதீர்கள். இரண்டில் மெயில்தான் கூடுதல் ஆபத்து, ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். நான் சட்டக் கல்லூரியில் சிவில் நடைமுறைச் சட்டம் நடத்துபவன். நாடு விட்டு நாடு போகும் வழக்குகள்தான் என் வேலை. இந்த மாதிரி வழக்குகளில் சரக்கு நல்லதா கெட்டதா என்ற கேள்வி பின்னால்தான் வரும். இந்த கோர்ட்டுக்கு உங்கள் மேல் அதிகாரம் உண்டா, அதை நீங்களே கொடுத்துவிட்டீர்களா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கான பதிலை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அதற்கு இருக்கிற நாட்களும் கொஞ்சம்தான்.

கூரியரில் வந்தது செல்லாது என்பது பாதி உண்மை

கொழுந்தனார் சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை. வெளிநாட்டுக்குச் சம்மன் அனுப்புவதற்கென்று 1965-ல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. இந்தியாவில் அது 2007 ஆகஸ்ட் 1 முதல் அமலில் இருக்கிறது. அதில் சேரும்போதே, தபால் வழியாக நேரடியாகச் சம்மன் அனுப்புவதை ஏற்க மாட்டோம் என்று இந்தியா ஆட்சேபணை தெரிவித்துவிட்டது. காகிதம் டெல்லியில் மத்திய சட்ட அமைச்சகத்துக்கு வந்து, அங்கிருந்து மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய், கடைசியில் அமீனா வந்து கையில் கொடுப்பதுதான் முறை. ஆக, கூரியரில் வந்ததைச் சரியான சார்பு, அதாவது முறைப்படி சம்மனைச் சேர்ப்பித்தது, இல்லை என்று வாதாட இடம் உண்டு.

ஆனால் இந்த வாதம் உங்களுக்குக் கொஞ்ச காலத்தை வாங்கித் தரும், அவ்வளவுதான். இங்கிலாந்துக்கு வெளியே சார்பு செய்ய வேண்டிய கிளெய்ம் ஃபார்முக்கு (வழக்குப் படிவத்துக்கு) அங்கே 6 மாத ஆயுள் உண்டு, அதற்குள் பையர் டெல்லி வழியாக மறுபடி அனுப்பலாம், தாமதமானால் நீட்டிப்பும் கேட்கலாம். வேறு வழியில் சார்பு செய்ய அனுமதி கேட்டு அந்த கோர்ட்டையே நாடவும் முடியும். ஒப்பந்தத்தில் லண்டனில் ஒரு ஏஜென்ட் பெயரை எழுதி "இவரிடம் கொடுத்தால் போதும்" என்று நீங்கள் கையெழுத்திட்டிருந்தால் டெல்லி வரை போகவே வேண்டாம். பின்னொரு நாள் திருப்பூர் கோர்ட்டில் நின்று எனக்கு நோட்டீஸே வரவில்லை என்று சொல்லும்போது, கூரியர் ரசீதில் உங்கள் கையெழுத்து இருக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

எந்தக் காகிதம் கடைசியாகப் போனது?

உங்கள் இன்வாய்ஸில் "திருப்பூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது" என்று அச்சாகியிருப்பதால் இங்கிலாந்தில் வழக்கே போட முடியாது என்று நினைக்கிறீர்கள். திருப்பூரில் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். பில் புத்தகத்தில் அச்சடிக்கும்போதே அந்த வரி சேர்ந்து வந்துவிடுகிறது, அது நம்மைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிடுகிறது.

ஒப்பந்தம் முடிந்த பிறகு நீங்கள் அனுப்பும் பில்லில் ஒரு வரியைச் சேர்த்து ஒப்பந்தத்தை மாற்ற முடியாது. சரக்கோடு போன கமர்ஷியல் இன்வாய்ஸில் மட்டும் அந்த வரி இருந்தால் அதன் பலம் மிகக் குறைவு. நீங்கள் பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய காகிதங்களை. பையரின் பர்ச்சேஸ் ஆர்டரை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். "இங்கிலாந்துச் சட்டம், இங்கிலாந்து நீதிமன்றங்கள் மட்டுமே" என்ற பொருளில் ஒரு ஷரத்து இருக்கிறதா? பின்பக்கம் எதுவும் இல்லாமல், "எங்கள் வெப்சைட்டில் உள்ள நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று முன்பக்கம் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கலாம், அதுவும் கணக்கில் வரும். அந்தப் பி.ஓ.வில் சீல் குத்திக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினீர்களா? அனுப்பியிருந்தால் பையர் பக்கம் பலம் கூடுகிறது.

ஆனால் நம் ஊரில் பி.ஓ. வந்த பிறகு பேங்குக்காகவும் எல்.சி.க்காகவும் (பேங்க் தரும் பண உத்தரவாதக் கடிதம்) ப்ரொஃபார்மா இன்வாய்ஸ், அதாவது சரக்கு போகும் முன் அனுப்பும் உத்தேச பில், ஒன்று போவது வழக்கம், அதைப் பையர் கையெழுத்திட்டு அனுப்புவதும் உண்டு. திருப்பூர் எல்லை பற்றிய வரி அதில் இருந்து, அதற்குப் பிறகுதான் நீங்கள் நூல் வாங்கி வேலையைத் தொடங்கினீர்கள் என்றால் கதையே வேறு. கடைசியாகப் போன நிபந்தனையை எதிர்த்தரப்பு ஏற்றுக்கொண்டு வேலை நடந்தது என்று நீங்கள் சொல்ல முடியும். அதனால் தேதி வரிசையில் எல்லாக் காகிதங்களையும் மெர்ச்சண்டைசரின் (பையரோடு தொடர்பில் இருந்து ஆர்டரைக் கவனிக்கும் உங்கள் ஊழியர்) மெயில்களோடு அடுக்கிப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் பி.ஓ. பற்றி ஒரு வரிகூட இல்லை, அதுதான் எனக்குக் கவலை.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லுமா என்பதை முடிவு செய்யும் நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13-வது பிரிவு முதலில் கேட்பதே அதிகாரம் உள்ள நீதிமன்றமா என்றுதான். இதற்கு அடிப்படை 1894-ல் பிரிவி கவுன்சில் (அன்று நமக்கு லண்டனில் இருந்த உச்ச மேல்முறையீட்டு மன்றம்) சொன்ன ஒரு தீர்ப்பு. ஃபரித்கோட் சமஸ்தானத்தின் முன்னாள் பொக்கிஷதாரர் ஒருவர் வேலையை விட்டு வேறு சமஸ்தானத்துக்குப் போய் வருடங்கள் கழித்து, ராஜா தன் கோர்ட்டிலேயே அவர் மேல் வழக்குப் போட்டு ஒருதலையாகத் தீர்ப்பு வாங்கினார். எல்லைக்குள் இல்லாத, அந்த கோர்ட்டை ஏற்றுக்கொள்ளாத ஒருவர் மேல் அப்படிப்பட்ட தீர்ப்பு வெளியே எங்கும் செல்லாது என்று பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. 1914-ல் நம் சென்னை உயர் நீதிமன்றம், ராமநாதன் செட்டியார் எதிர் காளிமுத்துப் பிள்ளை வழக்கில், எப்போதெல்லாம் வெளிநாட்டு கோர்ட்டுக்கு ஒருவர் மேல் அதிகாரம் வரும் என்று பட்டியலே போட்டது. அந்த நாட்டுப் பிரஜையாக இருந்தால், வழக்குத் தொடங்கும்போது அங்கே குடியிருந்தால், முன்பு அவரே அங்கே வழக்குப் போட்டிருந்தால், தானாக ஆஜராகியிருந்தால், அந்த கோர்ட்டுக்குக் கட்டுப்படுவதாக ஒப்பந்தம் செய்திருந்தால். நூறு வருஷம் தாண்டியும் வக்கீல்கள் இந்தப் பட்டியலை எடுத்துக் காட்டுகிறார்கள். முதல் மூன்றும் உங்களுக்குப் பொருந்தாது. ஐந்தாவதைத்தான் பி.ஓ.வில் தேடச் சொன்னேன். நான்காவது உங்கள் கையில் இருக்கிறது, அந்த மெயில் வேண்டாம் என்றது அதனால்தான். சரக்கு நல்ல சரக்கு, எங்கள் மேல் தப்பில்லை என்று கோர்ட்டுக்கே நீங்கள் விளக்கம் எழுதினால், ஆஜராகி வழக்கின் சாரத்தைப் பேசியதாக அதை எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதற்கு மேல் வழக்கையும் நீங்கள் முறையாக நடத்தப் போவதில்லை. ஆஜரான பலன் கிடைக்காது, ஆஜராகாத பாதுகாப்பும் போய்விடும்.

பேசாமல் இருந்தால்

பி.ஓ.வில் ஷரத்து எதுவும் இல்லை, இங்கிலாந்தில் உங்களுக்கு ஒரு பைசா சொத்தும் இல்லை, இனி அந்த நாட்டோடு வியாபாரமும் இல்லை என்றால், பேசாமல் இருப்பதும் ஒரு வழிதான். ஆனால் அங்கே இன்னும் இரண்டு பையர்களுக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தீர்ப்பு வாங்கியவர், உங்களுக்குப் பணம் தர வேண்டிய அந்த இருவரிடமிருந்தே அதைத் தனக்குத் திருப்பச் சொல்லி அங்குள்ள கோர்ட்டில் உத்தரவு வாங்கலாம். திருப்பூர் வரை அவர் வர வேண்டிய அவசியமே இல்லை.

வந்தாலும் வழி இருக்கிறது. அதே சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி, நம் அரசு அறிவித்த நாடுகளின் உயர்நிலை நீதிமன்றத் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால், அது அந்த நீதிமன்றமே கொடுத்த தீர்ப்பாணை மாதிரி நிறைவேற்றப்படும். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, 2020 ஜனவரியிலிருந்து அமீரகம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, அமெரிக்கா இல்லை. இங்கே ஒரு நுணுக்கம். உங்கள் கையில் உள்ள காகிதத்தின் மேல் மூலையில் எந்த கோர்ட்டின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். 1 லட்சம் பவுண்டுக்கு மேல் இல்லாத பண வழக்குகள் அங்கே பொதுவாகக் கவுண்டி கோர்ட்டில்தான் (ஹை கோர்ட்டுக்குக் கீழே உள்ள சிவில் கோர்ட்) தொடங்கும், இங்கிலாந்துக்கு நம் அறிவிப்பில் இருப்பதோ ஹை கோர்ட். அதனால் பையர் தீர்ப்பை அங்கே ஹை கோர்ட்டுக்கு மாற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும். அல்லது அந்தத் தீர்ப்பை அடிப்படையாக வைத்து 3 வருடத்துக்குள் இங்கே புது வழக்குப் போட வேண்டும். இது அவருக்குத் தொந்தரவுதான், ஆனால் தாண்ட முடியாத சுவர் இல்லை. சான்றிட்ட நகலைக் காட்டிவிட்டால் அது அதிகாரம் உள்ள கோர்ட் கொடுத்தது என்றே 14-வது பிரிவு ஊகித்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்களுடையது.

உள்ளூர் வக்கீல் எக்ஸ்பார்ட்டி (ஒருதலை) தீர்ப்பு இந்தியாவில் செல்லாது என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் மனதில் 2001-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த இன்டர்நேஷனல் வூலன் மில்ஸ் வழக்கு இருந்திருக்கும். அதிலும் இங்கிலாந்துக் கம்பெனிதான் எதிர்த்தரப்பு. பிரதிவாதி வரவில்லை, அதனால் தீர்ப்பு என்று சாட்சியம் எதையும் பார்க்காமல் வாய்ப்பாடாக எழுதிய தீர்ப்பு வழக்கின் தகுதியைப் பார்த்துக் கொடுத்தது ஆகாது, அதனால் இங்கே நிறைவேற்ற முடியாது என்றது நம் கோர்ட். அதே வழக்கு சொல்வது இன்னொன்றும் உண்டு, ஒருதலை என்பதாலேயே தீர்ப்பு செல்லாமல் போகாது, சாட்சியத்தைப் பரிசீலித்திருந்தால் செல்லும். இந்தியாவில் நிறைவேற்ற வேண்டியிருக்கும் என்று தெரிந்த இங்கிலாந்து வக்கீல் சும்மா ஒரு டிஃபால்ட் தீர்ப்போடு நிற்க மாட்டார். நீதிபதி முன் சாட்சியம் வைத்து, காரணங்களோடு தீர்ப்பு எழுதி வாங்கிக்கொண்டுதான் வருவார். உங்கள் வழக்கில் நஷ்டம் எவ்வளவு என்று கணக்கிடவே பெரும்பாலும் சாட்சியம் தேவைப்படும்.

அதுவரை காலமும் சும்மா ஓடாது. தீர்ப்புத் தொகைக்கு அங்கே 8 சதவீத வட்டி, தோற்றவர் ஜெயித்தவரின் வக்கீல் செலவையும் பெருமளவு கட்ட வேண்டும். சில வருஷம் இழுத்தடித்தால் காலாவதி ஆகிவிடும் என்று நம்பி இருப்பதும் சரியில்லை. லண்டனில் 1995-ல் கிடைத்த ஒரு தீர்ப்பை 2009-ல் பெங்களூருவுக்குக் கொண்டுவந்தபோது காலம் கடந்துவிட்டது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான், ஆனால் அது 14 வருஷம் தூங்கிய பேங்கின் கதை. உங்கள் பையர் தூங்குகிறவராகத் தெரியவில்லை.

மூன்று கட்டங்கள்

கவரில் கிளெய்ம் ஃபார்ம் தவிர, பதிலுக்கென்று ஒரு படிவம் இருக்கும். அதில் மூன்று கட்டங்கள்: முழு வழக்கையும் எதிர்க்கிறேன், ஒரு பகுதியை எதிர்க்கிறேன், நீதிமன்றத்தின் அதிகாரத்தை எதிர்க்கிறேன். எத்தனை நாளைக்குள் அனுப்ப வேண்டும் என்பதும் அந்தக் காகிதங்களிலேயே இருக்கும். இங்கிலாந்துக்கு வெளியே அனுமதியில்லாமல் சார்பு செய்வதற்கான நோட்டீஸ் என்று தனியாக ஒரு தாளும் இருக்க வேண்டும், எந்த ஷரத்தை நம்பி வழக்குப் போட்டிருக்கிறார்கள் என்று அதில் எழுதியிருப்பார்கள். பி.ஓ. கையில் கிடைக்காவிட்டால்கூட அந்தத் தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அந்தப் படிவத்தை அனுப்பினாலே அதிகாரத்தை ஏற்றதாகாது, பயப்பட வேண்டாம். அனுப்பிய நாளிலிருந்து வழக்கமாக 14 நாளைக்குள் அதிகாரத்தை எதிர்த்துத் தனியாக மனுப் போட வேண்டும். போடாமல் விட்டால் ஏற்றுக்கொண்டதாக அந்த கோர்ட் எடுத்துக்கொள்ளும். மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்துவிட்டுச் சும்மா இருப்பதில் ஒரு லாபமும் இல்லை. இதற்கு அங்குள்ள சொலிசிட்டர் (வழக்கறிஞர்) ஒருவர் வேண்டும், நம் ஊர் வக்கீலால் அந்த கோர்ட்டில் மனுப் போட முடியாது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கையெழுத்தான ப்ரொஃபார்மா உங்கள் பக்கம் இருந்தால் அதிகாரத்தை எதிர்த்துப் பாருங்கள். பி.ஓ. ஷரத்து தெளிவாக இருந்தால் அந்தச் சண்டையில் பணத்தைக் கரைக்காமல் வழக்கையே நேராக எதிர்கொள்ளுங்கள், 21,000 பவுண்டு பாக்கியை எதிர்க்கோரிக்கையாக வையுங்கள், சமரசத்துக்கும் நீங்களே முதலில் அழையுங்கள். கட்சிகளைச் சமரசத்துக்குப் போகச் சொல்லி உத்தரவிடவே முடியும் என்று 2023-ல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன பிறகு, அழைப்பைக் காரணமில்லாமல் மறுப்பது பையருக்கும் சங்கடம்.

இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆகிவிட்டதால் நம் பொறுப்பு முடிந்தது என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஷேடு கண்ணுக்குத் தெரிவது, அதைப் பார்த்துப் பாஸ் செய்துவிட்டு இப்போது குறை சொல்வதை நீங்கள் நன்றாகக் கேள்வி கேட்கலாம். சுருக்கம் துவைத்தால்தான் தெரியும். அதற்குக் காம்பாக்டிங் (பின்னாடி சுருங்காமல் இருக்கத் துணியை முன்பே இறுக்கும் வேலை) முடிந்தபின் எடுத்த லேப் ரிப்போர்ட்டும் சீல் வைத்த ஷிப்மென்ட் சாம்பிளும் வேண்டும். சாம்பிளைப் பிரிக்காமல், துவைத்துப் பார்க்காமல் அப்படியே எடுத்து வையுங்கள். மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போவதற்குள் அவருடைய போனில் உள்ள வாட்ஸ்அப் உரையாடல்களையும் சேமித்துவிடுங்கள்.

திருப்பூரில் வழக்குப் போட்டால் அது நின்றுவிடுமா?

நிற்காது. வெளிநாட்டில் வழக்கு நடப்பது இங்கே வழக்குப் போடத் தடையில்லை என்று 10-வது பிரிவின் விளக்கமே சொல்கிறது, அதனால் இரண்டும் இணையாக ஓடும், நீங்கள் இரண்டு வக்கீலுக்கும் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். அங்கே நடத்தக் கூடாது என்று பையருக்கு உறுத்துக் கட்டளை (தடை உத்தரவு) கேட்கலாம்தான். ஆனால் 2003-ல் மோடி என்டர்டெயின்மென்ட் வழக்கில், இங்கிலாந்து கோர்ட்டை ஒப்பந்தத்தில் ஏற்றுக்கொண்டவர்களுக்கு அந்த உத்தரவைத் தர உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சரி, இங்கே 21,000 பவுண்டுக்குத் தீர்ப்பு வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதை அங்கே கொண்டுபோய் வசூலிக்கச் சட்டம் இருக்கிறது, ஆனால் பையர் திருப்பூர் கோர்ட்டுக்குக் கட்டுப்பட்டாரா என்று அங்கேயும் கேட்பார்கள். ஃபரித்கோட் விதி உங்களுக்கும் அதே மாதிரிதான்.

வீட்டை மகள் பெயருக்கு எழுதுவது

வேண்டாம் சகோதரி. கேஸ் கம்பெனி மேல்தானே, வீடு என் பெயரில்தானே இருக்கிறது என்கிறீர்கள். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் இல்லை, பங்குதாரர் நிறுவனம். நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் தன் சொந்தச் சொத்தோடு பொறுப்பு. வழக்கு வந்தது தெரிந்த பிறகு எழுதும் தான செட்டில்மெண்டை, கடன்காரரை ஏமாற்ற எழுதியது என்று சொத்து மாற்றுச் சட்டம் 53-வது பிரிவில் ரத்து செய்ய வைக்க முடியும். வீடு ஜப்தியிலிருந்து தப்பாது, மகளும் தேவையில்லாமல் வழக்கில் கட்சியாகிவிடுவாள். நேர்மையாகத் தொழில் செய்தவர்கள் என்று நீதிபதி உங்களைப் பார்க்க வேண்டிய நேரத்தில் இப்படி ஒரு பத்திரம் பதிவாகியிருப்பது மற்ற எல்லா வாதத்தையும் கெடுக்கும்.

இந்த வாரமே பேங்க் மேனேஜரைப் பாருங்கள். வராத எக்ஸ்போர்ட் பணம் அவர்கள் கணக்கில் நிலுவையாக நிற்கும், வழக்கு இருக்கிறது என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இ.சி.ஜி.சி. (ஏற்றுமதிப் பணம் வராவிட்டால் ஈடு தரும் அரசுக் காப்பீட்டு நிறுவனம்) பாலிசி எடுத்திருந்தால் அவர்களுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும், சரக்கில் தகராறு என்றால் அது தீரும் வரை பொதுவாகப் பணம் தர மாட்டார்கள், ஆனால் தெரிவிக்காமல் விட்டால் பிற்பாடு கேட்கவும் முடியாமல் போகலாம். அப்புறம் அந்த 21,000 பவுண்டு பாக்கி. விற்ற சரக்கின் விலைக்கு இங்கே வழக்குப் போடப் பொதுவாக 3 வருடம்தான் காலக்கெடு, இங்கிலாந்தில் 6 வருடம். எந்த ஊர் கோர்ட் என்று பி.ஓ.வைப் பார்த்து முடிவானதும் அந்தக் கெடு என்றைக்கு முடிகிறது என்று உங்கள் வக்கீலிடம் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.